எந்தக் கம்பத்தின் முன் நிற்கிறாய்?

சொல்லுக்கு முன்னே நின்று சொல்லைப் பிறப்பிப்பவனும், உயிர்தோறும் உள்ளிருந்து ‘நான்’ என்னும் உணர்வாய் ஒளிர்பவனும், தன்னைத் தான் அறிய வேறொரு விளக்கை வேண்டாதவனுமாகிய இறைவனின் திருவடிகளைத் தலைமேற்கொண்டு இதனைத் தொடங்குகிறேன். இன்று வைகாசி வளர்பிறைப் பஞ்சமி. பூச நட்சத்திரம் கூடிய வியாழக்கிழமை. காலை வழிபாடு முடிந்து நெற்றியில் நீறு உலரும் முன்னரே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நீர்மட்டத் தரவுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இளம் நண்பர்களே, பணி ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகிவிட்ட ஒருவனை அழைத்து, நாற்காலியும் தேநீரும் கொடுத்து, உங்கள் திரைக்கு முன்னால் அமரவைத்தது உங்கள் பெருந்தன்மை. சென்ற வாரம் அந்தத் திரையில் ஒரு விந்தை நடந்துகொண்டிருந்தது. ஒரு நிலையத்தின் நீர்மட்டம் இன்னொரு நிலையத்தின் பெயருக்கு நேரே வந்து விழுந்துகொண்டிருந்தது. “எல்லா ஸ்டேஷனுக்கும் ஒரே மெதட்தான் சார். அதுல தப்பே இல்ல, நூறு தடவ பாத்துட்டேன்,” என்றார் உங்களில் ஒருவர். மாலைக்குள் நீங்களே காரணத்தைக் கண்டுபிடித்தீர்கள். “திஸ் மாறிப்போச்சு சார், அவ்ளோதான்,” என்று சொல்லிச் சிரித்தீர்கள். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் பேருந்தில் வீடு வந்து சேரும்வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் ஒரு பொழுதில் செய்து ஒரு பொழுதில் திருத்திய அந்தப் பிழையை, கணிப்பொறியை நான் கண்ணால் காணாத காலத்தில், காவிரிக் கரையில் உட்கார்ந்து நான் செய்திருக்கிறேன். அது திரையில் நடந்த பிழையன்று. ஆற்றுக்குள் மனிதர்கள் இருந்தார்கள்.

முதலில், என் பின்னாள் பணியில் நான் கற்றுக்கொண்ட அளவில், அந்தச் சிறு சொல்லைப் பற்றி இரண்டு வார்த்தை. ‘அளவு நிலையம்’ என்று ஒரு வகுப்பை, அதாவது ஒரு பொது அச்சை, எழுதுகிறீர்கள். அதிலிருந்து நூறு நிலையங்கள் பொருள்களாகப் பிறக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் அதனதன் நீர்மட்டம் உண்டு. ஆனால் அறிக்கை சொல்லும் செயல்முறை, நீங்கள் ‘மெதட்’ என்பது, நூறு முறை எழுதப்படுவதில்லை. ஒரே எழுத்து, நூறு பேருக்கும் பொது. அந்த எழுத்து ‘என் நீர்மட்டம்’ என்று சொல்லும்போது, அங்கே ‘என்’ என்பவர் யார்? எந்தப் பொருளை விளித்து அச்செயலைச் செய்யச் சொன்னோமோ, அந்தப் பொருளின் அடையாளம் அழைப்போடு கூடவே உள்ளே போகிறது. சில மொழிகளில் அது கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. ‘திஸ்’ என்று அதை அழைக்கிறார்கள். சில மொழிகளில் முதல் இடத்தில் வெளிப்படையாக எழுத வேண்டும்; ‘செல்ஃப்’ என்று எழுதுகிறார்கள். தாய் வகுப்பில் எழுதி வைத்த அதே சொல், சேயின் வாயிலிருந்து வரும்போது சேயையே சுட்டுகிறது. இதை முதன்முதலாகப் புரிந்துகொண்ட அன்று நான் மதிய உணவை மறந்து உட்கார்ந்திருந்தேன். எழுதப்பட்ட இடத்தில் அந்தச் சொல்லுக்குப் பொருள் இல்லை. யார் அழைக்கப்படுகிறாரோ அவரில் வந்து அது நிறைகிறது. இளமை முதல் பதிகங்களும் பாசுரங்களும் ஓதி வளர்ந்தவன் நான். ‘என்னை ஆட்கொண்டவனே’ என்று எவரோ ஒருவர் எந்தக் காலத்திலோ பாடி வைத்ததை நான் ஓதும்போது, அந்த ‘என்னை’ நானாகவே ஆகிவிடுவதை நாள்தோறும் கண்டவன். அதே அற்புதம் ஓர் இயந்திரத்துக்குள் நடப்பதைக் கண்டு கைகூப்பாமல் இருக்க முடியவில்லை.

ஆனால் அந்தச் செயல்முறையை அதன் பொருளிலிருந்து கழற்றி, தனியே இன்னொருவர் கையில் கொடுத்து, ‘நேரம் வரும்போது கூப்பிடு’ என்று விட்டால், சில மொழிகளில் அது தன் உடையவரை மறந்துவிடுகிறது. உங்களுக்கு நடந்தது அதுவே. எனக்கு நடந்ததை இனிச் சொல்கிறேன்.

அறுபதுகளின் இறுதி. ஏரியூருக்கு மேற்கே, அணையின் நீர் ஏறி இறங்கும் கரையில் வில்லை ஓடு வேய்ந்த கட்டடம் ஒன்று. அதில் ஒரு கம்பியில்லாத் தந்திக் கருவி. அதன் முன்னே நான். எனக்கு மேலே இரண்டு நிலையங்கள். ஒன்று காவிரியின் மேலேயே, பல மைல் தள்ளி. அதைப் பேராற்று நிலையம் என்போம். மற்றொன்று காவிரியில் வந்து கலக்கும் சிறிய ஆற்றின் மேல். அது சிற்றாற்று நிலையம். இரண்டிலும் ஆற்றோரத்தில் அடிக்கணக்கு எழுதிய கம்பம் நட்டிருக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கம்பத்தைப் பார்த்து, மோர்ஸ் சாவியில் எழுத்துகளைக் குறுந்தட்டும் நெடுந்தட்டுமாகத் தட்டி, எனக்குச் செய்தி அனுப்ப வேண்டும். நான் அதைப் பலகையில் எழுதி, கீழே அணைக்கு அனுப்புவேன். கரையோர ஊர்களுக்கும் சொல்வேன்.

பேராற்றில் இருந்தவர் சென்னப்பா. வீட்டில் கன்னடமும் வெளியில் தமிழும் பேசுகிறவர். சிற்றாற்றில் இருந்தவர் லூர்துசாமி. செய்தியின் தலையில் தத்தம் நிலையத்தின் எண்ணைத் தட்டிய பிறகே அளவைத் தட்ட வேண்டும் என்பது விதி. நாங்கள் மூவரும் அந்த விதியைக் கைவிட்டு இரண்டாண்டுகள் ஆகியிருந்தன. சோம்பலால் அன்று, பெருமையால். மோர்ஸ் தட்டுகிறவர்களுக்கு ஒவ்வொருவருக்கும் ஒரு ‘கை’ உண்டு. கையெழுத்தைப் போல, நடையைப் போல, அது அவரவருக்கே உரியது. சென்னப்பாவின் கையில் கடைசி நெடுந்தட்டு எப்போதும் சற்று இழுபடும், மாட்டைத் தட்டிக் கொடுப்பதைப் போல. லூர்துசாமியின் கை அவசரக்கை. பேருந்தைப் பிடிக்க ஓடுகிறவர் போலத் தட்டுவார். முதல் மூன்று எழுத்துகளிலேயே யார் என்று தெரிந்துவிடும். தெரிந்த மனிதர் தம் பெயரைச் சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் நுழைவாரா? அப்படித்தான் நினைத்தோம். வெளியூர் ஆள் எவரேனும் எண்ணைத் தட்டிவிட்டுத் தொடங்கினால் எங்களுக்குள் நகைப்போம்.

ஆனி மாதக் கடைசி வாரம். அணை நீர் பின்வாங்கிக் கிடந்ததால் ஆற்றுப்படுகை மைல் கணக்கில் வெளியே தெரிந்தது. கரையோரக் குடும்பங்கள் பங்குனியிலேயே அந்த வண்டலில் நிலக்கடலை விதைத்திருந்தன. தென்மேற்குப் பருவமழை மேலே கொட்டி வெள்ளம் வரும் முன் பிடுங்கி எடுத்துவிட வேண்டும். எடுத்தால் ஆண்டுச் சோறு. எடுக்காவிட்டால் எல்லாம் ஆற்றுக்கு. அவர்கள் விதைத்த மேட்டுக்கும் கரைக்கும் நடுவே ஒரு பழைய வாய்க்கால் பள்ளம் உண்டு. வெள்ளம் வந்தால் முதலில் நிறைவது அந்தப் பள்ளம். அது நிறைந்துவிட்டால் மேட்டில் இருப்பவர்கள் தீவில் அகப்பட்டது போல. சற்று நேரத்தில் மேடும் இராது.

தினமும் விடிந்ததும் அந்தக் குடும்பங்கள் சார்பில் என் வாசலுக்கு வந்து நிற்பவர் சவேரியம்மாள். நாற்பது வயதிருக்கும், கணவரை இழந்தவர். கழுத்தில் ஒரு சிறு சிலுவை, தோளில் மண்வெட்டி. முந்தைய வாரம் நான் வெள்ளம் வரும் என்று சொல்லி எல்லாரையும் கரையேற்றி, வெள்ளம் வராமற்போய், ஒரு நாள் வேலை கெட்டிருந்தது. அன்றும் வந்தார்.

“என்னாங்க ஒயர்லெஸ் சாரு, இன்னிக்கு எறங்கலாமுங்களா? இல்ல போன வாரமாட்டம் கரையில உக்காந்து கொக்கு எண்ணோணுங்களா?”

ஆறு மணிச் செய்தி அப்போதுதான் வந்திருந்தது. பேராற்றில் ஏழு அடி, மெதுவாக ஏறுகிறது. சிற்றாற்றில் நாலு அடி. “எட்டு மணிக்கு அடுத்த சேதி வரும். அதுவரைக்கும் பொறுங்கம்மா,” என்றேன்.

“செடி பொறுக்காதுங்க. மண்ணு காஞ்சா கல்லக்கா அறுந்து உள்ளயே நின்னுக்கும். அப்பறம் எலிக்குத்தான் விருந்து.”

பின்னால் மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற மாதையன் என்ற இளைஞர் தமக்குத் தாமே பேசுவது போலச் சொன்னார்: “சாருக்கு ஆத்த விட பொட்டி மேலதான் நம்பிக்க.”

எட்டு மணிக்குக் காதில் கருவியை மாட்டினேன். ஒரே ஒரு செய்தி வந்தது. இழுபடும் கடைசித் தட்டு. ஐயமின்றிச் சென்னப்பாவின் கை. ‘ஐந்து அடி. நிலையாக இருக்கிறது.’ ஏழிலிருந்து ஐந்துக்கு இறங்கியிருக்கிறது. சிற்றாற்றிலிருந்து செய்தி இல்லை. லூர்துசாமியின் மின்கலம் தீர்ந்திருக்கும், அது அடிக்கடி நடப்பதுதான். பலகையில் பேராறு என்ற பெயருக்கு நேரே ஐந்து என்று எழுதினேன். வெளியே வந்து, “இறங்கலாம். தண்ணி வடியுது,” என்றேன். அந்த மகிழ்ச்சியில் எனக்கும் பங்கிருந்தது என்பதை மறைக்க மாட்டேன். இருபது குடும்பத்துக்கு மேல், பெண்டு பிள்ளைகளோடும் வண்டி மாடுகளோடும், பள்ளத்தைக் கடந்து மேட்டுக்குப் போனார்கள்.

நடந்தது இதுதான். லூர்துசாமிக்கு முந்தைய நாளே கடும் காய்ச்சல். ஆறு மணிச் செய்தி அனுப்பியதோடு படுத்துவிட்டார். அந்த வழியே ஜீப்பில் வந்த அதிகாரி, சென்னப்பாவை ஏற்றிக்கொண்டு போய்ச் சிற்றாற்று நிலையத்தில் இறக்கிவிட்டார். பேராற்றுக்கு வேறு மாவட்டத்திலிருந்து ஒரு புதிய ஆள் வரவேண்டும். அவர் வந்து கருவியைத் தொட ஒன்பதரை மணி ஆகிவிட்டது. எட்டு மணிக்குச் சென்னப்பா சிற்றாற்றுக் கம்பத்தைப் பார்த்து, சிற்றாற்றின் அளவைத் தட்டினார். வழக்கம்போல எண்ணைத் தட்டவில்லை. நான் வழக்கம்போலக் கையைக் கேட்டேன். கையின் சொந்தக்காரரைக் கண்டுகொண்டேன். அவர் நிற்கும் இடத்தை நானே ஊகித்து எழுதினேன்.

பத்து மணிக்கு முதலில் வந்தது ஒரு செய்தி. எனக்குப் பழக்கமில்லாத கை. தயங்கித் தயங்கி, ஒவ்வோர் எழுத்தையும் தூக்கி வைப்பது போல. ‘பன்னிரண்டு அடி. ஏறுகிறது.’ எண் இல்லை. சென்னப்பா போகும்போது புதியவருக்கு, ‘எண்ணெல்லாம் வேண்டாம், அங்கே அவருக்குத் தெரியும்’ என்று சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார் என்பது பின்னால் தெரிந்தது.

நண்பர்களே, இங்கே நிதானித்துப் படியுங்கள். அவசர நேரத்தில் அறிவு எந்தப் பக்கம் சாயும் என்பதை அன்றுதான் கண்டேன். பழகாத கை, ஆகவே சென்னப்பா இல்லை, ஆகவே பேராறு இல்லை, ஆகவே லூர்துசாமிக்குப் பதிலாக வந்த எவரோ சிற்றாற்றிலிருந்து தட்டுகிறார். எவ்வளவு ஒழுங்கான வாதம். சிற்றாறு என்ற பெயருக்கு நேரே பன்னிரண்டு என்று எழுதப் போனேன். பென்சில் நின்றுவிட்டது.

சிற்றாற்றுக் கம்பத்தில் பத்துக்கு மேல் எண்ணே கிடையாது. அந்தக் கம்பத்தை நட்டபோது நானும் உடனிருந்தவன். அதற்கு மேல் நீர் ஏறினால் ‘கம்பம் மூழ்கியது’ என்றுதான் எவரும் சொல்ல முடியும்.

உடனே உண்மை விளங்கியிருக்க வேண்டும் அல்லவா? விளங்கவில்லை. பத்து நிமிடம் அந்தப் புதியவரைச் சந்தேகித்தேன். இரண்டு என்று தட்ட நினைத்துப் பன்னிரண்டு என்று தட்டியிருப்பார், கை பழகாதவர், கம்பத்தைப் பார்க்கத் தெரியாதவர். அந்தப் பத்து நிமிடத்தில் என்னை நான் ஒருமுறையும் சந்தேகிக்கவில்லை. பலகையில் எட்டு மணிக்கு என் கையால் எழுதிய ஐந்து, கல்லில் வெட்டியது போல எனக்குத் தோன்றியது. பிறகுதான், ஏதோ திருவருள் என்றே சொல்வேன், சாவியை எடுத்துக் கேட்கத் தோன்றியது. நாங்கள் தட்டியது சுருக்க ஆங்கிலம். இங்கே தமிழில் தருகிறேன்.

‘ஐந்து அடி சொன்னவர் யார்?’

இழுபடும் கை உடனே பதில் தந்தது: ‘நான்தான்.’

‘நான் என்றால் யார்?’

‘சென்னப்பா. குடித்திருக்கிறாயா?’

‘எந்தக் கம்பத்தின் முன் நிற்கிறாய்?’

அவருக்கும் அங்கே ஏதோ விளங்கத் தொடங்கியிருக்க வேண்டும். பிறகு வந்தது: ‘சிற்றாறு.’

அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் பலகையில் பேராற்றுக்கு நேரே இருந்த ஐந்தை அழித்தேன். பல மாதம் கழித்து அவரை நேரில் கண்டபோது, “ஏன் சாமி, என் கை தெரியாதா உனக்கு? ரெண்டு வருசமா தட்டறேனே,” என்று உரிமையோடு கோபித்தார். “உன் கை தெரிஞ்சுதான்யா கெட்டேன்,” என்றேன்.

அப்படியானால் பேராற்றில் ஐந்து இல்லை, பன்னிரண்டு. ஏழிலிருந்து இறங்கவில்லை, நான்கு மணி நேரத்தில் ஐந்து அடி ஏறியிருக்கிறது. பேராற்றில் ஏறும் நீர் எங்கள் பள்ளத்துக்கு வந்து சேர ஐந்தாறு மணி நேரம். ஏற்றம் ஆறு மணிக்கே தொடங்கிவிட்டது. நண்பகலை ஒட்டி வந்துவிடும். அப்போது மணி பத்தே கால்.

நிலையத்து உதவியாளரை அனுப்பி, ஊர் மாதா கோயில் மணியை விடாமல் அடிக்கச் சொன்னேன். நான் ஆற்றுக்குள் ஓடினேன். ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்னால் மணி ஒலி கேட்டது. எதிரே மேட்டில் ஒருவரும் அசையவில்லை. மூச்சிரைக்கப் போய் நின்றபோது, சவேரியம்மாள் செடியை உதறிக்கொண்டே நிமிர்ந்தார்.

“மணி அடிச்சது கேக்கலியாம்மா?”

“கேட்டுதுங்களே. ஆரோ போய்ச் சேந்துட்டாங்கன்னு செலுவ போட்டுக்கிட்டோம். ஆருன்னு சாயங்காலம் போயி கேட்டுக்கலாம்னு இருந்தோம். ஆருங்க?”

“யாருமில்ல. மேல வெள்ளம் வருதுன்னு தகவல் வந்திருக்கு. எல்லாரும் கரையேறணும்.”

அவர் செடியைக் குவியலில் போட்டார். அடுத்த செடிக்குக் குனிந்தார். குனிந்தபடியே கேட்டார்: “காலைல வடியுதுன்னு வந்ததும் தகவல்தானுங்க. அந்தத் தகவல் எந்தூட்டுப் புள்ள, இந்தத் தகவல் எந்தூட்டுப் புள்ளைங்க?”

மாதையன் சிரித்தார். “போன வாரமும் இப்பிடித்தான் சார் ஓடியாந்தாரு. வேட்டியும் இதே வேட்டி.”

சுற்றிலும் சிரிப்பு. வண்டிகள் அவிழ்த்துக் கிடந்தன. மாடுகள் தொலைவில் மேய்ந்தன. குழந்தைகள் செடி நிழலில் தூங்கின. வானத்தில் மேகம் இல்லை. மழை பெய்தது எங்கேயோ குடகு மலையில். அந்த வெயிலில் வெள்ளம் என்று சொல்வது எனக்கே பொய்யாகக் கேட்டது. பேராறு, சிற்றாறு, சென்னப்பா, கை என்று விளக்கத் தொடங்கினேன். அவர்கள் முகத்தில் ஏதும் ஏறவில்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது. ‘மேலிருந்து அறிவிக்கப்பட்டுள்ளது’, ‘தகவல் பெறப்பட்டுள்ளது’ என்று எழுதி எழுதிப் பழகிய நாக்கு; அந்த மொழியில் எவரும் இருப்பதில்லை. செய்தவர் இல்லை, சொன்னவர் இல்லை, தவறியவரும் இல்லை. என் நிலையத்தின் எண்ணைப் போலவே என்னையும் நான் பேச்சிலிருந்து நீக்கி வைத்திருந்தேன்.

“சவேரியம்மா,” என்றேன். “காலைல வந்த தகவல் சரியாத்தான் வந்தது. நான்தான் அத வேற ஆத்துப் பேருல எழுதிட்டேன். யாரு எங்கிருந்து பேசறாங்கன்னு கேக்காம எழுதினேன். உங்கள எறங்கச் சொன்னது என் தப்பு. தண்ணி மத்தியானத்துக்குள்ள பள்ளத்துக்கு வந்துரும்.”

குனிந்திருந்தவர் நிமிர்ந்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த செடியை வேரோடு கீழே போட்டார்.

“மாதையா, மாட்டப் பூட்டு. சிரிச்சது போதும். புள்ளைங்கள எழுப்புங்கடி. செடிய விடுங்க, செடி கெடக்கட்டும்.”

அதற்குப் பிறகு அவர்களுக்கு என் சொல் தேவைப்படவில்லை. பிடுங்கி மூட்டை கட்டியதை மட்டும் வண்டியில் ஏற்றினார்கள். குவியலாகக் கிடந்ததும் மண்ணில் நின்றதும் அப்படியே கிடந்தன. கடைசி வண்டி பள்ளத்தில் இறங்கியபோது மணலின் நிறம் மாறியிருந்தது. அடியில் ஈரம் ஊறிக்கொண்டிருந்தது. சக்கரம் ஒருமுறை புதைந்தது. மாதையனும் இன்னும் நாலு பேரும் தோள் கொடுத்தார்கள். நானும் கொடுத்தேன். வண்டி கரையேறியது.

பின்னர் நீர் வந்தது. வெள்ளம் முழங்கிக்கொண்டு வரும் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். முதலில் ஒலியே இல்லை. நுரை கட்டிய ஒரு கோடு, சருகுகளையும் எறும்புப் பந்துகளையும் சுமந்துகொண்டு, பள்ளத்தின் வளைவில் தலைகாட்டியது. நாகம் வழி தேடுவது போல இங்கும் அங்கும் முகர்ந்தது. அடுத்த கணம் அதன் பின்னாலிருந்த செம்மண் நிற நீர் கரைக்குக் கரை நிறைந்து, நாங்கள் கடந்து வந்த வண்டித் தடத்தை மூடியது. அரை மணிக்குள் மேடு ஒரு திட்டாயிற்று. திட்டு ஒரு நிழலாயிற்று. பிடுங்கிப் போட்ட கடலைச் செடிக் குவியல்கள் பச்சையாக மிதந்து, சுழன்று, வரிசையாகக் கீழே போயின. அதன் பின்னரே அந்த ஓசை வந்தது. காதில் கேட்கவில்லை, நெஞ்சில் கேட்டது. சவேரியம்மாள் சிலுவையைப் பற்றிக்கொண்டு உதடு அசைய ஓதினார். நான் என் வழியில் ஓதினேன். அத்தனை பெரிய ஒன்று தன் பெயரை யாரிடமும் சொல்லவில்லை. அதைக் காவிரி என்று ஒருவர் எங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. தன்னைத் தான் சொல்லிக்கொள்ளும் கடமை, கையில் சாவியைப் பிடித்திருக்கும் சிற்றுயிர்களாகிய எங்களுக்குத்தான் இருந்தது. அதைத்தான் பெருமைக்காக விட்டிருந்தோம்.

விளைச்சலில் பாதிக்கு மேல் போயிற்று. ஓர் உயிரும் போகவில்லை. அதிகாரி வந்து எல்லாவற்றையும் விசாரித்தபோது நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். என் பெயருக்கு நேரே ஒரு கரும்புள்ளி விழுந்தது, அது தகும். எண் இல்லாத செய்தியை அதன் பின் பணிக்காலம் முழுவதும் நான் எழுதிக்கொள்ளவில்லை. சென்னப்பா சொன்னாலும் சரி, அமைச்சரே சொன்னாலும் சரி, முதலில் நிலையத்தின் எண், பிறகுதான் பென்சில்.

பின்னாளில் கணிப்பொறிப் பாடம் படித்தபோது ஒரு செய்தி அறிந்து மெய்சிலிர்த்தேன். நாங்கள் எங்கள் எண்ணை நீக்கிவிட்டுப் பெருமை பேசிக்கொண்டிருந்த அதே அறுபதுகளின் பிற்பகுதியில், வடதிசைக் குளிர்நாடு ஒன்றில் சிலர், உலகத்து நிகழ்ச்சிகளை இயந்திரத்துக்குள் நடித்துக் காட்ட ஒரு மொழியை வடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த மொழியில், ஒரு பொருள் தன்னைத் தானே சுட்டிக்கொள்ள ஒரு சிறு சொல்லை வைத்தார்கள். அவர்கள் எங்களை அறியார். நாங்கள் அவர்களை அறியோம். எத்தனை பொருள்கள் பிறந்தாலும், எத்தனை பேருக்கு ஒரே செயல் பொதுவானாலும், ‘இதைச் செய்வது யார்’ என்ற கேள்விக்கு விடை கூடவே போகவேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது.

ஆகவே, ஒரு செயலைக் கழற்றி இன்னொருவர் கையில் கொடுக்கும்போது, அதை அதன் உடையவரோடு கட்டிக் கொடுங்கள். உங்கள் மொழிகளில் அதற்கு வழி இருக்கிறது, சோம்பாதீர்கள். வந்து சேரும் மதிப்பு பழகிய மதிப்பாகத் தோன்றினால், அப்போது இன்னும் கூர்ந்து பாருங்கள். பழகியதைத்தான் நாம் கேள்வி கேட்பதில்லை. பழகாத ஒன்று முரண்பட்டு வந்தால், அதைத் திருத்துவதற்கு முன், ஏற்கெனவே உங்கள் கையால் எழுதியதை ஒருமுறை அழித்துப் பாருங்கள். எனக்கு அதற்குப் பத்து நிமிடம் ஆயிற்று. பத்து நிமிடத்தில் ஆறு நெடுந்தூரம் வந்துவிடும்.

அன்று கரையில் கூட்டம் கலைந்த பின்பும் சவேரியம்மாள் அங்கேயே நின்றார். அவருடைய இரண்டு பாத்தியும் நீருக்கடியில் இருந்தன. பக்கத்தில் போய் நின்றேன். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது. அவர் ஆற்றையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

“ஆபீசுத் தகவல்னே நீங்க சொல்லிட்டு நின்னிருந்தா, இன்னும் ரெண்டு பாத்தி புடுங்கிட்டு வரலாம்னுதாங்க இருந்திருப்போம். என் தப்புன்னீங்க பாருங்க. பொய் சொல்றவன் அதச் சொல்ல மாட்டான்னு கெளம்பி வந்துட்டோம்.”

இதைப் படிப்போர் எவராயினும், எம்மதத்தாராயினும், அவர்தம் சொல் அவர் வாயினின்றே பிறப்பதாக. பிறர் அவர் சொல்லை நம்பிக் கரை சேர்வாராக. அவர்தம் இல்லமும் தொழிலும் கல்வியும் வற்றாத ஆறு போல் நிறைந்து விளங்க, உள்நின்று ஒளிரும் இறைவன் அருள்புரிவானாக.